கடல் கடந்து பிள்ளைகளைக் காணச் செல்லும் முன்: முதியோருக்கான பயணக் காப்பீடு

தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் ஆகிய ஊர்களிலிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்குப் புறப்படும் வாகனங்களில் இக்காலத்தில் அறுபது, எழுபது வயதைக் கடந்த பெற்றோரையும் காண்கிறோம். மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையிருக்கச் செல்வோர் உண்டு. பேரக்குழந்தையை முதன்முறையாகக் கையில் ஏந்தச் செல்வோரும் உண்டு. விசா, விமானச் சீட்டு, குழந்தைக்கு நகை, பிள்ளைக்குப் பிடித்த ஊறுகாய் என அனைத்தையும் மாதக்கணக்கில் திட்டமிடும் குடும்பங்கள், பயணக் காப்பீட்டை மட்டும் கடைசி இரண்டு நாள்களில் மிகக் குறைந்த விலை எதுவோ அதைப் பார்த்து வாங்கிவிடுகின்றன.

நீரிழிவு, இரத்தக்கொதிப்பு, இதயநோய் ஆகியவற்றுக்காக நம் மருத்துவமனைக்குத் தொடர்ந்து வருவோருக்கு இந்த அவசரம் பெருஞ்சுமையாக முடியலாம். வெளிநாட்டில் சில நாள் மருத்துவமனையில் தங்க நேர்ந்தால், பிள்ளைகளின் பல ஆண்டுச் சேமிப்பு கரைந்துபோகும். கட்டுப்படியாகும் விலையில், உண்மையில் பயன்படும் காப்பீட்டை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நம் கையிலுள்ள அட்டைகள் அங்கே செல்லா

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை நம் மாவட்டத்தில் பல குடும்பங்களிடம் உள்ளது. 70 வயது நிறைந்தோருக்காக மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையைப் பெற்றோரும் உள்ளனர். இவை இந்தியாவில் அத்திட்டங்களில் சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் மட்டுமே பயன்படும். வெளிநாட்டு மருத்துவமனையில் இவற்றுக்கு மதிப்பில்லை.

வளைகுடா நாட்டுக்கு வேலைக்குச் செல்லும் தொழிலாளர் சிலர் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீட்டை எடுத்திருப்பர். அது அத்தொழிலாளருக்கானது, அவரைப் பார்க்கச் செல்லும் தாய் தந்தையருக்கு அதில் பாதுகாப்பு இல்லை. அமெரிக்காவில் பணிபுரியும் மகனுக்கு அவருடைய நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீட்டிலும், விருந்தினராக வந்த பெற்றோரைச் சேர்க்க இயலாது என்பதே பொதுவான நிலை. ஆகவே பயணத்துக்கெனத் தனியே ஒரு பாலிசி தேவை.

நாட்டுக்கு நாடு விதி மாறும்

எந்த நாட்டுக்குச் செல்கிறோம் என்பதைப் பொறுத்தே காப்பீட்டின் தேவையும் விலையும் அமைகின்றன.

ஜெர்மனி, பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய காலப் பயண விசா பெறக் காப்பீடு கட்டாயம். குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு அவசர மருத்துவம், மருத்துவமனைச் சிகிச்சை, தாயகம் திருப்பி அனுப்பும் செலவு ஆகியவற்றை அது ஏற்க வேண்டும். தங்கும் நாள் முழுவதற்கும், ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்லுபடியாக வேண்டும்.

கனடா, பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் 2011இல் சூப்பர் விசாவை அறிமுகப்படுத்தியது. இவ்விசாவில் ஒருமுறை நுழைந்தால் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம் என்னும் மாற்றம் 2022 ஜூலையில் வந்தது. இதற்கு ஓராண்டுக்குக் குறையாத, 1,00,000 கனடா டாலர் அளவுள்ள மருத்துவக் காப்பீடு வேண்டும். முன்பு கனடா நிறுவனத்திடம் மட்டுமே வாங்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரி முதல், அந்நாட்டு நிதிக் கண்காணிப்பு அலுவலகத்தின் அனுமதி பெற்ற பிற நாட்டு நிறுவனங்களின் பாலிசியையும் ஏற்கின்றனர். சாதாரண இந்திய பாலிசி எதுவாயினும் போதும் எனக் கருதிவிடக் கூடாது.

அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்குக் காப்பீடு கட்டாயமில்லை. ஆனால் மருத்துவச் செலவு மிக அதிகமான நாடும் அதுவே. முதியோருக்கான அந்நாட்டு அரசுத் திட்டமாகிய மெடிகேர் விருந்தினருக்குக் கிடைக்காது. கிரீன் கார்டு பெற்ற பெற்றோர்கூட, ஐந்தாண்டு தொடர்ந்து வசித்த பின்னரே கட்டணம் செலுத்தி அதில் சேர இயலும்.

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரைப் பார்ப்பதற்கும் அவசரப் பிரிவில் முதல் சிகிச்சை பெறுவதற்கும் விருந்தினரிடம் கட்டணம் கேட்பதில்லை. உள்நோயாளியாகச் சேர்த்தவுடன் நிலைமை மாறுகிறது. அரசு மருத்துவமனையின் வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம் வசூலிக்கப்படும். 500 பவுண்டுக்கு மேற்பட்ட பாக்கி இரண்டு மாதம் நிலுவையில் இருந்தால் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கப்பட்டு, அடுத்த விசாவுக்கே தடையாகலாம்.

ஆஸ்திரேலியாவின் மெடிகேர் சில நாட்டவருக்கு உடன்படிக்கையின் பேரில் உதவுகிறது. அப்பட்டியலில் இந்தியா இல்லை. சிங்கப்பூரில் அந்நாட்டுக் குடிமக்களுக்குரிய அரசு மானியம் விருந்தினருக்குக் கிடைக்காது.

"முன்பே உள்ள நோய்" என்னும் சொல்

பாலிசி ஆவணத்தில் முதியோர் முதலில் தேட வேண்டிய சொல் இது. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த நோய், அல்லது அக்காலத்தில் சிகிச்சையோ ஆலோசனையோ பெற்ற நோய் எதுவும் முன்பே உள்ள நோய் என இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு விதிகள் வரையறுக்கின்றன.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அது முதல் நீரிழிவுக்கும் இரத்தக்கொதிப்புக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. "மாத்திரை மட்டும்தான் போடுகிறேன், எனக்கு நோய் ஒன்றுமில்லை" என்று நம்மில் பலர் கூறுவதுண்டு. காப்பீட்டு நிறுவனத்தின் பார்வையில் அந்த மாத்திரையே நோய்க்குச் சான்று. படிவத்தில் அதை எழுதியே ஆக வேண்டும்.

பெரும்பாலான பயணப் பாலிசிகள் முன்பே உள்ள நோய்க்கான செலவை ஏற்பதில்லை. சில பாலிசிகள், உயிருக்கு ஆபத்தான திடீர் நிலையில் நோயாளியின் உடல்நிலை சீராகும் வரை ஆகும் செலவை மட்டும் ஓர் எல்லை வரை ஏற்கின்றன. வழக்கமான பரிசோதனை, மாத்திரை, டயாலிசிஸ் போன்றவை அதில் அடங்கா. டயாலிசிஸ் செய்துகொள்வோர் வெளிநாட்டில் அதற்கான இடத்தையும் செலவையும் தனியே ஏற்பாடு செய்துகொண்ட பிறகே பயணத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

கனடாவில் விற்கப்படும் பல பாலிசிகளில் "நிலையான உடல்நிலை" என்றொரு நிபந்தனை உண்டு. பாலிசி தொடங்குமுன் 90 நாள் அல்லது 180 நாள் நோய் மாற்றமின்றி இருந்தால்தான் அந்நோய்க்குப் பாதுகாப்பு. இக்காலத்தில் புதிய மாத்திரை சேர்த்தாலும், பழைய மாத்திரையின் அளவை மாற்றினாலும் அதை மாற்றமாகக் கணக்கிடக்கூடும். எனவே பயணத்துக்கு ஆறேழு மாதம் முன்பே மருத்துவரைக் கண்டு, தேவையான மாற்றங்களை அப்போதே செய்துகொள்வது நல்லது. காப்பீட்டுக்காகத் தேவையான சிகிச்சையை ஒருபோதும் தள்ளிப்போட வேண்டாம். மாற்றம் நேர்ந்தால் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துப் பதிலைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

உண்மையை எழுதியதால் கிடைத்த நீதி

2009 மே மாதம் உறவினர் திருமணத்துக்காக ஒருவர் அமெரிக்கா புறப்பட்டார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியாவில் அவர் வெளிநாட்டு மருத்துவப் பாலிசி எடுத்திருந்தார். தமக்கு நீரிழிவு இருப்பதை அவர் முன்னரே தெரிவித்திருந்தார். மருத்துவப் பரிசோதனைக்கும் உட்பட்டிருந்தார். சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் சோர்வும் வியர்வையும் கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மாரடைப்பு எனக் கண்டறிந்து, இதய இரத்தக்குழாயில் மூன்று ஸ்டென்ட்டுகள் பொருத்தினர். முன்பே இருந்த நோயும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை உட்கொண்டதைக் கூறாமையும் காரணமெனக் காட்டி நிறுவனம் பணம் தர மறுத்தது.

தேசிய நுகர்வோர் ஆணையம் அவருடைய மனுவை 2015இல் தள்ளுபடி செய்தது. 2021 டிசம்பர் 6ஆம் நாள், நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், பி.வி. நாகரத்னா ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விண்ணப்பதாரர் வெளிப்படுத்திய உடல்நிலையை மதிப்பிட்டுப் பாலிசி வழங்கிய பின்னர், அதே நிலையைக் காரணங்காட்டிப் பணம் மறுக்க இயலாது என்பது தீர்ப்பின் சாரம். 2,29,719 அமெரிக்க டாலருக்கு ஈடான தொகையை 6 சதவீத வட்டியுடன் வழங்க ஆணையிடப்பட்டது.

இதிலிருந்து நாம் பெறும் செய்திகள் மூன்று. சில நாள் சிகிச்சைக்கு அமெரிக்காவில் எவ்வளவு பணம் வேண்டியிருக்கும் என்பது முதலாவது. நோயை எழுத்தில் வெளிப்படுத்தியதே அவரைக் காத்தது என்பது இரண்டாவது. நீதி கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்பது மூன்றாவது. ஆகவே நோயை மட்டுமன்றி, உட்கொள்ளும் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் படிவத்தில் எழுதுங்கள். முகவர் நிரப்பும் படிவத்தைப் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இங்கே வாங்குவதா, அங்கே வாங்குவதா?

இந்தியப் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் 1984 முதலே வெளிநாட்டு மருத்துவப் பாலிசியை வழங்கிவருகின்றன. இன்று தனியார் நிறுவனங்களும் வழங்குகின்றன. இந்திய பாலிசிக்கு ரூபாயில் பணம் கட்டலாம். சிக்கல் நேர்ந்தால் முறையிடும் இடமும் நம் நாட்டிலேயே உள்ளது. இதைப் பயணம் புறப்படுமுன் வாங்க வேண்டும். எழுபதைக் கடந்தோரிடம் சில நிறுவனங்கள் இ.சி.ஜி., இரத்தச் சர்க்கரை ஆகியவற்றின் அறிக்கைகளைக் கேட்கின்றன. சில நிறுவனங்கள் அவ்வயதினருக்குப் பாலிசியே தருவதில்லை.

அமெரிக்காவில் வசிக்கும் பிள்ளைகள், விருந்தினருக்கென விற்கப்படும் அந்நாட்டு பாலிசியை வாங்குவதும் உண்டு. அதில் இருவகை உள்ளன. முதல் வகை, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என அட்டவணை வகுத்தது, விலை குறைவு. இரண்டாம் வகை, முதலில் நாம் செலுத்த வேண்டிய தொகை போக, எஞ்சிய செலவில் பெரும்பகுதியைப் பாலிசியின் உச்சவரம்பு வரை ஏற்பது, விலை அதிகம். ஓர் எடுத்துக்காட்டு: அட்டவணை பாலிசி மருத்துவமனை நாளொன்றுக்கு 1,500 டாலர் தருவதாக வைத்துக்கொள்வோம். மருத்துவமனை 6,000 டாலர் கேட்டால், நாள்தோறும் 4,500 டாலரைக் குடும்பமே கட்ட வேண்டும். அமெரிக்கப் பயணத்துக்கு, இயன்றவரை இரண்டாம் வகையே தகுந்தது.

வெளிநாட்டில் வாங்கிய பாலிசியைப் பற்றிய முறையீடுகளை அந்நாட்டில்தான் எழுப்ப வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்க.

செலவைக் குறைக்கும் வழிகள்

வயது, செல்லும் நாடு, தங்கும் நாள்கள், காப்பீட்டுத் தொகை ஆகிய நான்கும் பிரீமியத்தைத் தீர்மானிக்கின்றன. பாதுகாப்பைக் குறைக்காமல் செலவைக் குறைக்க வழிகள் உள்ளன.

1. சிங்கப்பூர், வளைகுடா போன்ற இடங்களுக்கு மட்டும் செல்வோர் "அமெரிக்கா, கனடா நீங்கலாக" என்னும் வகையைக் கேளுங்கள். விலை கணிசமாகக் குறையும்.

2. கணவருக்கு 72, மனைவிக்கு 66 என்றிருந்தால் இருவருக்கும் தனித்தனி பாலிசியின் விலையையும் கேட்டுப் பாருங்கள். கூட்டுப் பாலிசியில் மூத்தவரின் வயதே கணக்கிடப்படுவது வழக்கம்.

3. வயதுப் பிரிவு மாறும் பிறந்தநாள் அருகில் இருந்தால், அதற்கு முன் புறப்பட இயலுமா எனப் பாருங்கள்.

4. பெட்டி தொலைதல், விமானத் தாமதம் போன்ற இணைப்புகள் இல்லாத, மருத்துவம் மட்டும் அடங்கிய பாலிசி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

5. டிடக்டிபிள் எனப்படும், நாமே முதலில் ஏற்கும் தொகையைச் சற்றுக் கூட்டினால் பிரீமியம் குறையும். பிள்ளைகள் உடனடியாகக் கட்டக்கூடிய அளவோடு அதை நிறுத்துங்கள்.

6. குறைந்தது மூன்று நிறுவனங்களின் விலையையும் நிபந்தனைகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

செய்யக் கூடாத சிக்கனங்களும் உண்டு. ஐந்து மாதம் தங்குவோர் இரண்டு மாதத்துக்கு மட்டும் வாங்கி, பிறகு நீட்டித்துக்கொள்ளலாம் என எண்ணுவது ஆபத்தானது. இடையில் நோய்வாய்ப்பட்டால் நீட்டிப்பு மறுக்கப்படலாம். அதேபோல, ஐந்து லட்சம் டாலர் பாலிசி என்று பெரிய எழுத்தில் இருக்கும். அறுபதைக் கடந்தோருக்கு அறை வாடகை, அறுவைச் சிகிச்சை, மருத்துவர் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் சிறிய உள்வரம்பு உண்டு என்பது உள்ளே இருக்கும். உள்வரம்பு இல்லாத ஒரு லட்சம் டாலர் பாலிசி, உள்வரம்புள்ள ஐந்து லட்சம் டாலர் பாலிசியைவிட உங்களுக்குக் கூடுதலாக உதவக்கூடும்.

இந்திய நிறுவனங்கள் பாலிசியுடன் வாடிக்கையாளர் தகவல் தாள் ஒன்றைத் தர வேண்டும். எவை அடங்கும், எவை அடங்கா என்பது அதில் சுருக்கமாக இருக்கும். அதைத் தமிழில் கேட்டுப் பெறலாம். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் வாங்கும்போதே கேளுங்கள்.

புறப்படுமுன் மருத்துவரிடம் பெற வேண்டியவை

- நோய்கள், செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைகள், ஒவ்வாமை ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலக் கடிதம்.
- மருந்துகளின் வணிகப் பெயரோடு மூலப்பெயரும் எழுதிய சீட்டு. நம் ஊர் வணிகப் பெயர்கள் அங்கே விளங்கா.
- அண்மைய இ.சி.ஜி. நகல், முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்டென்ட் அல்லது பேஸ்மேக்கர் அட்டை.
- தங்கும் காலம் முழுவதற்கும், மேலும் இரண்டு வாரத்துக்கும் போதுமான மருந்து. அரசுத் திட்டத்தில் மாத்திரை பெறுவோர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

மருந்துகளை உறை பிரிக்காமல் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். டிரமடால், கோடீன் போன்ற வலிமருந்துகளை ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எடுத்துச் செல்ல அந்நாட்டின் முன் அனுமதி தேவை. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணத்தில் காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகும் என உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் தெரிவித்தது. இடையிடையே எழுந்து நடப்பதும் கால்களை அசைப்பதும் நலம். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ அறுவைச் சிகிச்சையோ கண்டவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றிப் பயணச் சீட்டு வாங்க வேண்டாம்.

அங்கே உடல்நலம் குன்றினால்

உயிருக்கு ஆபத்தென்றால் முதலில் அவசர ஊர்தி. காப்பீட்டுப் பேச்சு பிறகு. அமெரிக்கா, கனடாவில் 911, இங்கிலாந்தில் 999, சிங்கப்பூரில் 995, அமீரகத்தில் 998, ஆஸ்திரேலியாவில் 000 ஆகிய எண்களை அழைக்க வேண்டும். கட்டணம் செலுத்த இயலுமா எனப் பாராது அவசர நோயாளியைப் பரிசோதித்து உடல்நிலையைச் சீராக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 1986 முதல் சட்டம். கட்டணச் சீட்டு மட்டும் பின்னால் வரும்.

அடுத்து, பாலிசியில் உள்ள 24 மணி நேர உதவி எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள். தாமதித்தால் அதையே காரணமாக்கிப் பணம் குறைக்கப்படலாம். அந்த எண்ணையும் பாலிசி எண்ணையும் பெற்றோர், பிள்ளைகள் இருவரின் கைப்பேசியிலும், ஒரு தாளில் எழுதிப் பணப்பையிலும் வைத்திருங்கள். தனித்தனி விவரமுள்ள கட்டணச் சீட்டு, ஆய்வு அறிக்கைகள், மருந்துச் சீட்டுகள், விமான ஏற்றச் சீட்டு, பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

காப்பீடு போதாவிட்டாலும் வழி முற்றிலும் அடைபடுவதில்லை. அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற இலாப நோக்கற்ற மருத்துவமனைகள், வசதியற்றோருக்கான கட்டணச் சலுகைக் கொள்கையைச் சட்டப்படி வைத்திருக்க வேண்டும்; அதற்கு விண்ணப்பிக்கலாம். வழியற்ற நிலையில் தவிக்கும் இந்தியருக்கு உதவ, 2009இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதி நம் தூதரகங்களில் உள்ளது.

பணம் மறுக்கப்பட்டால்

இந்திய நிறுவனம் மறுத்தால், முதலில் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும், 155255 என்னும் எண்ணிலும் புகார் பதியலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரை ஓராண்டுக்குள் அணுகலாம். அங்கே கட்டணமில்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை தீர்வளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடும் வழியும் திறந்தே உள்ளது.

பயண நாள் குறித்தவுடன், அடுத்த மருத்துவப் பரிசோதனைக்கு வரும்போது அதைத் தங்கள் மருத்துவரிடம் தெரிவியுங்கள். பாலிசி படிவத்தையும் உடன் கொண்டுவாருங்கள். நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் பிழையின்றி நிரப்ப அவர் உதவுவார். பேரக்குழந்தையுடன் கழிக்கும் நாள்கள் கவலையின்றிக் கழிய, அந்தச் சில நிமிடங்கள் பெருந்துணையாக அமையும்.